தண்ணீர்த் தொட்டி மைனாவின் ரத்தம்

விழா மலருக்கு நான்கு பக்கம் வேண்டுமென்று கேட்டு வந்தார்கள். இருவருமே என்னிடம் செய்முறை படித்தவர்கள். ஒருவர் இப்போது துறைத் தலைவர். மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் மூன்றாவது மாடிவரை ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்தார்கள். அடையாறில் எங்கள் கல்லூரி புதிதாகக் கட்டியிருக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் பழைய பேராசிரியரின் பெயரை வைக்கிறார்களாம்.

"அவரோட மைனா ஆராய்ச்சியைப் பத்தி நீங்க எழுதினாத்தான் சார் பொருத்தம். ஸ்லைடு எல்லாம் பாத்தது நீங்கதானே" என்றார் துறைத் தலைவர்.

"இப்ப யார் சார் ஸ்லைடு பாக்கறாங்க?" என்றார் மற்றவர். "ஒரு சொட்டு ரத்தத்த மெஷின்ல விட்டா டி.என்.ஏ. காட்டிக் குடுத்துடுது. உங்களுக்கு இருந்த கண்ணு இனிமே யாருக்கும் தேவையில்ல."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பு எரிந்தது. அந்தக் கண்ணைப் பற்றியே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதை மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் விருப்பம். பேராசிரியரைப் பேராசிரியர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். பெயர்தான் வாசலில் பெரிய எழுத்தில் வரப்போகிறதே.

நான் விலங்கியலில் முதுகலை முடித்து, ரத்த ஒட்டுண்ணிகளில் சிறப்புப் பயிற்சி பெற்று, அந்தத் துறையில் செய்முறை உதவியாளனாகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. மூன்று வருடம் தவளை அறுப்பதைக் காட்டிக் கொடுத்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மைனா ஆராய்ச்சி தொடங்கியது தொண்ணூறுகளின் நடுவில்.

பறவைகளுக்கும் ரத்தத்தில் ஒட்டுண்ணி உண்டு. நமக்கு வரும் மலேரியாவுக்கு உறவுமுறை என்று சொல்லலாம். பூச்சி கடித்து ஏறும். சிவப்பணுவுக்குள் போய் உட்காரும். பெரும்பாலான பறவைகள் அதைச் சுமந்துகொண்டே பறக்கின்றன, முட்டையிடுகின்றன, குஞ்சு வளர்க்கின்றன. எங்கள் கேள்வி இதுதான்: ஒட்டுண்ணி பிடித்த தாய், குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருவதைக் குறைத்துக்கொள்கிறதா?

பேராசிரியருக்கு விடை முன்பே தெரியும். குறைத்துக்கொள்கிறது என்பார். "தன் உசிரு வெல்லமாச்சே, ராஜா. நோயாளி அம்மா குஞ்சைக் கழட்டி விட்டுடுவா. இயற்கைக்கு இரக்கமே கிடையாது" என்று சொல்லிச் சிரிப்பார். எல்லோரும் அவருக்கு ராஜாதான். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. எதையும் இப்படிச் செய் என்று சொன்னதுமில்லை. "செஞ்சா என்ன, ராஜா?" என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டு, மேஜைமேல் இருக்கும் பென்சிலை எடுத்து, அதன் கூர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். நாம் சரி என்று சொல்லும்வரை அந்தப் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முனைவர் பட்டத்துக்காக அவரிடம் சேர்ந்தவள் கோமதி. மேற்கு மாம்பலத்துப் பெண். மின்சார ரயிலில் சைதாப்பேட்டைவரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, விடிந்தும் விடியாமலும் கல்லூரிக்குள் நிற்பாள். பனகல் பூங்கா பக்கத்துப் பழக்கடைகளில் வாங்கி வந்த பழப்பெட்டிப் பலகைகளை வைத்து நாங்கள் இருவரும் கூடுகள் செய்தோம். தூங்குமூஞ்சி மரங்களிலும், விடுதிச் சுவரிலும், தண்ணீர்த் தொட்டியின் தூணிலும் அவற்றைக் கட்டினோம். கோடை தொடங்கியதும் மைனாக்கள் குடிவந்தன.

மைனாவில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி. இரவில் முட்டைமேல் தங்குவது பெண். அதனால் விடியற்காலையில் பெட்டியின் துளையை அடைத்து, கையை விட்டுப் பிடிப்போம். மின்கம்பியின் வண்ண மேலுறையை வெட்டி, காலில் வளையமாக மாட்டுவோம். இறக்கையின் உட்புறம் இறகை எச்சில் தொட்டு விலக்கினால் நீல நரம்பு தெரியும். அதை மெல்லிய ஊசியால் தொட வேண்டும்; குத்தக் கூடாது. ஒரு சொட்டு போதும். அதைக் கண்ணாடித் துண்டில் ஏந்தி, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் ஒரே இழுப்பில் பரப்ப வேண்டும். தயங்கினால் தடித்துப்போகும், அவசரப்பட்டால் கிழிந்துபோகும். சரியாக வந்தால் நாக்கு வடிவத்தில் படிந்து, நுனியில் ஓரணு கனத்துக்கு மெலிந்திருக்கும். அதைத்தான் நாங்கள் ஸ்மியர் என்போம்; காய்ந்தபின் அணுக்கள் தெரிவதற்காக அதற்குச் சாயம் ஏற்றுவோம். கோமதியின் ஸ்மியர்கள் அத்தனையும் அப்படி வந்தன. எனக்குப் பயிற்சி கொடுத்தவர்களிடம்கூட அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை.

தோட்டக்காரர் தனசேகர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார். "இன்னா சார், மைனாவுக்கு ப்ளட் டெஸ்டா? போன மாசம் எனக்கு மலேரியா வந்து ஆடிக்கினு கெடந்தேன். ஒருத்தனும் எட்டிப் பாக்கல."

"மைனா லீவு கேக்காதுண்ணே. அதான் அதுக்கு மரியாதை" என்பாள் கோமதி.

"லீவு கேக்காதா? அதுக்கு யூனியன் இல்லம்மா. இருந்தா மொதல்ல உன் மேலதான் கேஸ் போடும்."

கூடுகளைக் கவனிப்பது கோமதியின் வேலை. ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் பைனாகுலரோடு உட்கார்ந்து, எந்தத் தாய் எத்தனை முறை இரையோடு வந்தது என்று பார்ப்பாள். ஸ்லைடு பார்ப்பது என் வேலை. அவளுக்கு ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது; எனக்கு அது எந்தக் கூட்டின் ரத்தம் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் மனது பார்க்க விரும்புவதைக் கண் பார்த்துவிடும். அதனால் ஸ்லைடின் ஓரத்தில் எழுதிய கூட்டு எண்ணின் மேல் அவள் காகிதம் ஒட்டி, வேறொரு குறி எழுதித் தருவாள். அதற்கு முக்காடு என்று பெயர் வைத்திருந்தாள். "முக்காடு போட்டாச்சு சார், பொண்ணு பாக்க வரலாம்" என்று தட்டைக் கொண்டுவந்து வைப்பாள்.

ஒரு ஸ்லைடுக்கு நூறு வட்டம் என்பது விதி. மைக்ராஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரியும் பகுதியை வட்டம் என்போம். பறவையின் சிவப்பணு நீள்வட்டமானது. நடுவில் கரு உண்டு. ஒட்டுண்ணி அந்தக் கருவை அணைத்தபடி வளைந்து கிடக்கும். உள்ளே பழுப்புப் பொன்னிறத்தில் துகள்கள் மின்னும். சில பறவைகளுக்கு நூறு வட்டம் நகர்த்தினால்தான் ஒன்று கிடைக்கும். முப்பதோடு நிறுத்தினால் ஒன்றுமில்லை என்று எழுதிவிடலாம். இந்த ஒரு வரியை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும்.

முட்டைக் காலத்து ஸ்லைடுகளில் பாதியை நான் ஒழுங்காகப் பார்த்தேன். மீதி தட்டில் காத்திருக்கும்போதே குஞ்சுகள் பொரித்துவிட்டன. அதன்பிறகு ஒரு மதியம் பேராசிரியர் என் மேஜைக்கு வந்தார். வெளிநாட்டில் நடக்கும் கூட்டமொன்றுக்கு ஆய்வுச் சுருக்கத்தை அவர் அனுப்பியாகிவிட்டது. முடிவும் அதில் எழுதியாகிவிட்டது. தட்டிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்தார். முக்காட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டி, பாதி உரித்துப் பார்த்தார்.

"ஓ, விடுதிச் சுவர். நல்லா ஊட்டற அம்மா இல்லையா இது? இதைப் போய் நூறு வட்டம் பாக்கறியே. போதும் ராஜா, கண்ணைக் கெடுத்துக்காதே."

அடுத்ததையும் உரித்தார். அந்தக் கூட்டில் இரண்டு குஞ்சுகள் செத்திருந்தன.

"இங்க இன்னும் கொஞ்சம் பாத்தா என்ன?"

பென்சிலை எடுத்து அதன் முனையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் சரி என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. பொய் எண் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. நன்றாக ஊட்டிய தாயென்றால் சீக்கிரம் நிறுத்தினேன். ஊட்டாத தாயென்றால் ஒட்டுண்ணி அகப்படும்வரை தேடினேன். பிறகு முக்காடுகளைப் பசை தடவி மறுபடி ஒட்டி, தட்டைக் கோமதியிடம் கொடுத்தேன். கட்டுரையில் எல்லா ஸ்லைடுக்கும் நூறு வட்டம் என்றுதான் அச்சாகியிருக்கிறது. இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதை எழுதிய புண்ணியவானின் பெயரால் கட்டடம்.

பயந்து செய்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வேலை தற்காலிகமாக இருந்தது உண்மைதான். ஆனால் அவர் என்னை மிரட்டவில்லை. என் கண்ணுக்காக ஒரு பெரிய மனிதர் கவலைப்படுகிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. ராஜா என்று கூப்பிட்டது பிடித்திருந்தது. நான் விலை போனது இதற்குத்தான். நினைத்தால் என்னையே அறையலாம்போல இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டிப் பெட்டிக்கு வருகிறேன். அதிலிருந்த தாய்க்குச் சிவப்பு வளையம். குஞ்சு பொரித்த வாரத்திலேயே அதன் ஜோடியைப் பூனை கொண்டுபோயிற்று. வழக்கமாக இரண்டு பேரும் செய்யும் வேலையை அது ஒற்றையாகச் செய்தது. வெட்டுக்கிளி, புழு, கேன்டீன் பின்பக்கத்து இட்லித் துண்டு என்று எது கிடைத்தாலும் கொண்டுவந்தது. எந்தக் கூட்டுக்கும் அவ்வளவு முறை இரை வரவில்லை. ஒருநாள் கோமதி என்னையும் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அது பைப் மேல உக்கார்றதப் பாருங்க சார்."

தூணிலிருந்து நீண்ட குழாயில் மைனா உட்கார்ந்திருந்தது. இரு இறக்கையும் தொங்கின. அலகு திறந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தின. உடனே பறந்து போயிற்று.

"அதுக்கு உடம்பு சரியில்ல சார். சத்தியமா சொல்றேன். ஆனாலும் போவுது. பெரிய சாரோட கணக்குப்படி அது இப்ப குஞ்சைக் கைவிட்டிருக்கணும்."

"தனியா இருக்கில்ல, அதனால ஓடுது."

"அதான் சார் நானும் சொல்றேன்! நோய் இருக்கிறதால வேலை குறையுதான்னே கேட்டுக்கிட்டிருக்கோம். வேலை கூடறதால நோய் ஏறுதான்னு கேக்கவே இல்லையே. முட்டை மேல உக்காந்தப்ப எடுத்த ஸ்லைடு உங்ககிட்ட இருக்கு. குஞ்சுக்கு இறகு முளைச்சதும் இன்னொண்ணு எடுக்கறேன். ரெண்டாவதுல ஏறியிருந்தா, அடுத்த சீசன்ல ஒரு கூட்டுக் குஞ்சை இன்னொரு கூட்டுல மாத்தி வெச்சு, வேலையக் கூட்டிப் பாக்கலாம். அது ஒண்ணு போதும் சார், என் தீசிஸ் என்னோடதா ஆயிடும்."

ஒரு பறவையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். அவள் கேட்டது நிரூபணம் இல்லை. ஒரு கேள்வியைக் கேட்க அனுமதி. அந்த அனுமதி ஒரு கண்ணாடித் துண்டில் இருந்தது. அவள் எடுத்து, முக்காடு போட்டு, என்னிடம் கொடுத்தாள்.

நான் முதல் வட்டத்தைப் பார்த்தேன். முக்காட்டை உரிக்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு வட்டத்துக்குள்ளேயே பல அணுக்களில் ஒட்டுண்ணி. இரண்டாவது வட்டத்திலும் அப்படி. எங்கே நகர்த்தினாலும் அப்படி. இதே தாயின் முட்டைக் காலத்து ஸ்லைடில் நூறு வட்டம் முழுக்கத் தேடி ஐந்தாறுதான் கண்டிருந்தேன். இப்போது அந்த உடம்பில் ரத்தம் என்று எதை வைத்துக்கொண்டு அது பறக்கிறது என்று தோன்றியது. எழுந்துபோய்ப் பேராசிரியரைக் கூப்பிட்டேன். சந்தோஷத்தில் கூப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரும் பார்ப்பார் என நினைத்தேன்.

நின்றபடியே குனிந்து பார்த்தார். முக்காட்டை உரித்து எண்ணைப் பார்த்தார். மறுபடி குனிந்தார், இந்த முறை கொஞ்சம் அதிக நேரம். அவருக்குப் புரியவில்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தவன் நான்.

"ஸ்மியர் சரியில்லை, ராஜா. தடிச்சிருக்கு. சாயத்தூசி வேற. பாவம், பொண்ணு கை நடுங்கியிருக்கு."

"சார், தூசி மாதிரி தெரியலையே."

"கழுவிட்டு மறுபடி சாயம் ஏத்திப் பாத்தா என்ன?"

பென்சில் அவர் கைக்கு வந்துவிட்டது.

சாயத்தை நீக்கும் அமிலக் கரைசலில் ஒரு ஸ்லைடை எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேண்டிய நேரத்துக்குமேல் வைத்தேன். எடுத்து, குழாயடியில் பிடித்து, ஈரம் காயாமலே துணியால் துடைத்தேன். ரத்தம் போய்விட்டது. கண்ணாடியைக் கழுவும் தொட்டியில் போட்டேன். அந்நாளில் கண்ணாடி விலை என்று ஸ்லைடுகளைக் கழுவித் திரும்ப எடுப்போம். அடுத்த வாரம் முதலாண்டுப் பையன் எவனாவது அதன்மேல் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்திருப்பான்.

கோமதி ஓடி வந்தாள். "பாத்தீங்களா சார்?"

"பார்க்க முடியல. ஸ்மியர் தடிமன். சாயமும் பிடிக்கல. கழுவும்போது போயிடுச்சு."

"என் ஸ்மியரா? தடிமனா?"

கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இன்னொன்று எடுத்துவிடலாம் என்று மறுநாள் விடியற்காலையே வந்தாள். குஞ்சுகள் பறந்துவிட்டிருந்தன. தூணடியில் தனசேகர் நின்றுகொண்டிருந்தார். கையில் சிவப்பு வளையத்தோடு மைனா. "காத்தால பெருக்கும்போது பாத்தேம்மா. காயிதம் மாதிரி கீது, கனமே இல்ல." செத்து நேரமாகிவிட்ட பறவையின் ரத்தம் எங்களுக்கு உதவாது. கோமதி அதைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தத் தூணடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதது மைனாவுக்காக என்று தனசேகர் நினைத்தார். "இன்னொரு மைனா வரும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு பறவைக்கு ஒரு ஸ்மியர் என்று நிறுத்தவில்லை. ஒன்று தடித்திருக்குமோ என்று இரண்டு; அதுவும் சரியில்லையோ என்று மூன்று. ஒரு இறக்கை போதாமல் மறு இறக்கை. சந்தேகம் வந்த கை உண்மையிலேயே நடுங்கத் தொடங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நடுக்கம் நின்றிருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் ஒருநாள், கையில் அதிக நேரம் பிடித்திருந்த தாய் மைனா ஒன்று அவள் விரல்களுக்குள்ளேயே தலையைத் தொங்கப் போட்டது. அதன் கூட்டில் கண் திறக்காத குஞ்சுகள் இருந்தன.

பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் அறையில் இருந்தேன். "உனக்கு இளகின மனசும்மா. இந்த வேலை உனக்கு எதுக்கு?" என்றார். அவரிடமிருந்து வருகிறதே என்று அதைக் கருணையாகவே எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றி இன்னும் என் காதில் கிடந்து குடைகிறது. வங்கித் தேர்வு எழுதி, தி.நகர்க் கிளை ஒன்றில் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். சில வருடம் கழித்து வேறு காரியமாக அங்கே போனபோது, கவுண்டருக்குப் பின்னால் அவளைப் பார்த்ததும், போன காரியத்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. கட்டுரையில் இரண்டாவது பெயர் என்னுடையது. பணி ஓய்வுவரை மாணவர்களுக்கு ஸ்லைடு பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். முக்காடு இல்லாமல் ஒருவன் ஸ்லைடைத் தொட்டால் வகுப்பை விட்டே துரத்துவேன். கண்டிப்பான வாத்தியார் என்று பேர். என் வீட்டு மாடி ஏறி வந்த இருவரும் அதைச் சொல்லித்தான் என்னைப் புகழ்ந்தார்கள். கோமதியின் கேள்வியைப் பிறகு வேறு நாடுகளில் வேறு பறவைகளிடம் கேட்டார்கள். குஞ்சுகளைக் கூட்டி வைத்தால் தாயின் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏறுவதுண்டு என்று கண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செய்திகளை நூலகத்தில் படித்துவிட்டு, பக்கத்தை மூடி வைத்துவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

இதை எழுதுமுன் கோமதியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். குரலை உடனே கண்டுகொண்டாள். நான் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. பாதியில் நின்றது.

"அப்ப என் ஸ்மியர் தடிமன் இல்ல" என்றாள் கடைசியில்.

"இல்ல. அதவிட நல்ல ஸ்மியர நான் பாத்ததே இல்ல."

"இத்தன வருஷமா ஒரு கையெழுத்துப் போட்டாகூட சரியாப் போட்டேனான்னு ரெண்டு தரம் பாப்பேன் சார். வீட்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க."

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"அது கெடக்கட்டும். மொத ஸ்லைடுல எத்தன இருந்துது?"

"நூறு வட்டத்துக்கு அஞ்சாறு."

"ரெண்டாவதுல?"

"ரொம்ப இருந்துது."

"ரொம்பன்னா எத்தன சார்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எண்ணலியா?"

"எண்ணல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"எண்ணிட்டாவது அழிச்சிருக்கலாமே சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.